சுருதிக்குக் கைதட்டியவர்கள்

எங்கள் ஊரைக் கடந்து வடக்கு நோக்கிச் செல்லும் இருப்புப்பாதையும் நெடுஞ்சாலையும் கொல்கத்தாவில் போய் முடிகின்றன. கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்து ஓய்வுபெற்ற நாங்கள் நால்வரும் அந்த வண்டிகளின் ஓசையிலேயே வாழ்ந்து பழகியவர்கள். ஆயினும் அந்தப் பாதையின் மறுமுனையில் ஒரு காலத்தில் இலட்சக்கணக்கான மக்கள் தலைசாய்க்க இடமின்றித் தவித்தார்கள் என்பதை நாங்கள் எண்ணிப் பார்த்ததில்லை. அண்மையில் ஒரு ஞாயிறு மாலை, பழைய இசைநிகழ்ச்சி ஒன்றின் ஒலிப்பதிவை மீண்டும் கேட்டோம். அப்போதுதான் அது எங்கள் நெஞ்சில் தைத்தது. அதனோடு, எங்கள் வாசலருகே நாங்கள் செய்யத் தவறிய ஒன்றும் சேர்ந்து தைத்தது.

அந்த ஒலிப்பதிவு எங்களுக்குப் புதியதன்று. 1990-களின் தொடக்கத்தில், திருமணம் ஆகாத இளைஞர்களாய் நாங்கள் நால்வரும் ஒரே அறையை வாடகைக்கு எடுத்துத் தங்கியிருந்தோம். இரவு முறை வேலை முடித்து வருபவர் உறங்க, பகல் முறைக்குச் செல்பவர் ஓசைப்படாமல் புறப்படுவார். ஞாயிறு ஒன்றுதான் நால்வரும் விழித்திருக்கும் நாள். திருப்பலி முடிந்து வந்ததும் சமையலுக்கு இடையே ஒலிநாடாப் பெட்டி பாடிக்கொண்டிருக்கும். எங்களுள் ஒருவர் பங்கின் பாடகர் குழுவில் கித்தார் வாசிப்பவர். அவர் ஒருநாள் சென்னைக் கடற்கரை நிலையத்தருகே பர்மா பஜாரில் ஓர் ஒலிநாடாவை வாங்கிவந்தார். பர்மாவிலிருந்து உடைமைகளை இழந்து திரும்பிய தமிழர்கள் பிழைப்புக்காகத் தொடங்கிய கடைத்தெரு அது. அகதிகளின் கடையில் வாங்கிய அந்த நாடாவில் இருந்ததும் அகதிகளுக்காக நடந்த இசைநிகழ்ச்சி என்பது அன்று எங்கள் சிந்தையில் பதியவில்லை.

'வங்கதேசத்திற்கான இசைநிகழ்ச்சி' என்று உலகம் அறிந்த நிகழ்ச்சி அது. பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசனும் ரிங்கோ ஸ்டாரும், எரிக் கிளாப்டன், பாப் டிலன் போன்ற பெரும் இசைஞர்களும் ஒரே மேடையில் நின்று பாடியது. ஆங்கிலச் சொற்களில் பாதி எங்களுக்கு விளங்காது. கித்தாரின் முழக்கமும் மத்தள அதிர்வுமே எங்களுக்குப் போதுமானவையாய் இருந்தன. தொடக்கத்தில் பண்டித ரவிசங்கரின் சிதார் ஒலிக்கும். உடனே எங்களுள் ஒருவர் எழுந்து நாடாவை விரைந்தோடச் செய்யும் பொத்தானை அழுத்திவிடுவார். கீச்சென்ற ஒலியோடு பதினைந்து நிமிடத்துக்கு மேற்பட்ட இசை சில நொடிகளில் ஓடி மறையும். பல ஆண்டுகள் அந்த நாடாவைக் கேட்டோம். அதன் தொடக்கத்தை மட்டும் கேட்டதே இல்லை.

இப்போது நாடாவும் இல்லை, பெட்டியும் இல்லை. கித்தார் நண்பரின் மகன் அந்த ஒலிப்பதிவு முழுவதையும் கைப்பேசியில் வைத்திருந்தான். அதில் விரைந்தோடச் செய்ய எங்களில் எவருக்கும் தெரியாது. ஆதலால் முதன்முறையாகத் தொடக்கத்திலிருந்து கேட்க நேர்ந்தது.

இவ்விடத்தில் அந்த நிகழ்ச்சி பிறந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லியாக வேண்டும். 1970 நவம்பரில் கிழக்குப் பாகிஸ்தானைப் பெரும் புயல் தாக்கி இலட்சக்கணக்கானோரைப் பலிகொண்டது. அடுத்த ஆண்டு மார்ச் 25 இரவு டாக்காவில் இராணுவத் தாக்குதல் தொடங்கியது. உயிர் தப்ப எல்லை கடந்து இந்தியாவுக்குள் வந்தோர் தொகை அவ்வாண்டின் முடிவுக்குள் ஏறக்குறைய ஒரு கோடியை எட்டியது. கல்கத்தாவைச் சுற்றிலும் முகாம்கள் எழுந்தன. மூத்த வாசகர்களுக்கு ஒன்று நினைவிருக்கலாம். 1971 நவம்பர் முதல் நாம் அனுப்பிய கடிதங்களில் வழக்கமான தலையோடு ஐந்து காசு அகதிகள் நிவாரணத் தலையும் ஒட்ட வேண்டியிருந்தது. கும்மிடிப்பூண்டியிலிருந்து கடிதம் எழுதிய ஏழைத் தொழிலாளியும் அந்த அகதிக்கு ஐந்து காசு கொடுத்தார்.

ரவிசங்கரின் முன்னோர் கிழக்கு வங்கத்தவர். துயரச் செய்திகளால் மனம் உடைந்த அவர், தம்மிடம் சிதார் பயின்ற நண்பரான ஹாரிசனை அணுகினார். தாம் ஓர் இசைநிகழ்ச்சி நடத்தி இருபத்தைந்தாயிரம் டாலர் திரட்ட எண்ணுவதாகவும், உதவ முடியுமா என்றும் கேட்டார். கத்தோலிக்கத் தாயின் மகனாய் லிவர்ப்பூலில் பிறந்து திருமுழுக்குப் பெற்றவர் ஹாரிசன். பின்னாளில் அவர் மனம் இந்திய ஆன்மீகத்தில் தோய்ந்தது. நண்பர் கேட்டார் என்ற ஒரே காரணத்தால் ஒவ்வோர் இசைஞராகத் தொலைபேசியில் அழைத்தார். சில வாரங்களில் எல்லாம் கூடிவந்தன. 1971 ஆகஸ்ட் 1, ஒரு ஞாயிற்றுக்கிழமை, நியூயார்க்கின் மாடிசன் சதுக்க அரங்கில் பிற்பகலும் இரவுமாக இரண்டு நிகழ்ச்சிகள். ஏறத்தாழ நாற்பதாயிரம் பேர் கேட்டார்கள். இரு நிகழ்ச்சிகளிலும் பதிவானவற்றிலிருந்து தேர்ந்தெடுத்துத் தொகுத்ததே நாங்கள் கேட்ட ஒலிப்பதிவு.

அதன் தொடக்கத்தில், முதலில் இந்திய இசை ஒலிக்கும் என்று ஹாரிசன் அறிவிக்கிறார். ரவிசங்கர் பேசுகிறார். இந்த இசைக்குச் சற்றுக் கவனம் தேவை என்றும், வாசிக்கும்போது புகைபிடிக்க வேண்டாம் என்றும் பணிவோடு வேண்டுகிறார். பிறகு சிதாரும் சரோதும் மெல்ல அதிர்கின்றன. ஒரு தந்தியை முறுக்குகிறார்கள், தளர்த்துகிறார்கள், ஒன்றோடொன்று ஒப்பிடுகிறார்கள். ஒன்றரை நிமிட அளவு கழித்து அந்த ஒலிகள் அடங்குகின்றன. உடனே அரங்கம் அதிரக் கைதட்டல் எழுகிறது.

அவர்கள் இன்னும் வாசிக்கவே தொடங்கவில்லை! சுருதி சேர்த்ததையே இசை என்று எண்ணிக் கைதட்டிவிட்டார்கள். ரவிசங்கர் சினம் கொள்ளவில்லை. நன்றி கூறிவிட்டு, சுருதி சேர்ப்பதையே இவ்வளவு விரும்புகிறீர்கள் என்றால் வாசிப்பை இன்னும் அதிகமாக விரும்புவீர்கள் என நம்புகிறேன் என்ற பொருள்படச் சொல்கிறார். அரங்கம் சிரிக்கிறது. நாங்களும் சிரித்தோம். பொத்தானை அழுத்தி அழுத்தி இத்தனை ஆண்டுகளாக இந்தச் சிரிப்பைத் தவறவிட்டோமே என்றார் எங்களுள் ஒருவர்.

அதன்பின் 'பங்களா துன்' தொடங்கியது. நாட்டுப்புற மெட்டுகளின் சாயலில் அமைந்த இசை. சிதார் ரவிசங்கர், சரோது அலி அக்பர் கான், தபலா அல்லா ரக்கா, தம்புரா கமலா சக்கரவர்த்தி. ரவிசங்கரும் அலி அக்பரும் ஒரே ஆசானிடம் பயின்றவர்கள். அந்த ஆசான் அலாவுதீன் கான், அலி அக்பரின் தந்தை. கிழக்கு வங்கத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்தவர். எந்த மண்ணிலிருந்து மக்கள் துரத்தப்பட்டார்களோ அந்த மண்ணின் இசையை, ஓர் இந்துவும் ஓர் இசுலாமியரும் ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் தொட்டு வாசிக்கிறார்கள். முதலில் தனித்தனியே பேசும் இரு கருவிகளும் போகப்போக நெருங்கி, இறுதியில் எது சிதார் எது சரோது என்று பிரித்தறிய இயலாதபடி ஒன்றாய் விரைகின்றன. எங்கள் நால்வரில் எவருக்கும் இராக இலக்கணம் தெரியாது. ஆயினும் பேச்சற்று அமர்ந்திருந்தோம்.

அடுத்து நாங்கள் இளமையில் கேட்டுக் களித்த பகுதிகள் வந்தன. அவையும் இப்போது வேறுவிதமாய் ஒலித்தன. ரிங்கோ ஸ்டார் தம் சொந்தப் பாடலின் வரிகளையே மறந்து தடுமாறுகிறார். கூட்டம் அதை மன்னித்து மகிழ்கிறது. ஆலயத்தில் ஆர்கன் வாசித்து வளர்ந்த பில்லி பிரெஸ்டன் இறைவனின் திட்டத்தைப் பற்றிப் பாடும்போது அந்த அரங்கமே செபக்கூட்டமாகிறது. உடல்நலம் குன்றிய நிலையிலும் கிளாப்டன் வந்து வாசிக்கிறார். இறுதியில் ஹாரிசன், நண்பன் துயர் நிறைந்த கண்களோடு தன்னிடம் வந்ததை எடுத்துரைத்து உதவி கேட்டுப் பாடுகிறார். நேர்த்தியில் சிறந்த பாடகர்கள் அன்று குறைகளோடே பாடினார்கள். குறைகளைத் துடைத்துவிடாமல் அந்தப் பதிவு காத்து வைத்திருக்கிறது.

பதிவு முடிந்தபின் அதைத் தொடர்ந்து நடந்தவற்றையும் எங்கள் நண்பரின் மகன் எடுத்துச் சொன்னான். நுழைவுச்சீட்டு விற்பனையில் கிடைத்த 2,43,418 டாலர் 50 சென்ட் பன்னிரண்டே நாட்களுக்குள் யுனிசெப் நிறுவனத்திற்குச் சென்று சேர்ந்தது. ஆனால் இசைத்தட்டால் வந்த பெருந்தொகைக்கு வேறு கதி நேர்ந்தது. நிகழ்ச்சிக்கு முன்பே முறைப்படி அறப்பணி நிறுவனம் ஒன்றின் பெயரில் அது பதிவு செய்யப்படாமையால், அமெரிக்க வரித்துறை வரிவிலக்குத் தர மறுத்தது. பணத்தில் பெரும்பகுதி பல ஆண்டுகள் முடங்கிக் கிடந்தது. அதற்குள் வங்கதேசம் விடுதலை பெற்றது. அகதிகளில் பெரும்பாலோர் 1972-இன் தொடக்கத்திலேயே ஊர் திரும்பினர். 1973-இல் அந்த இசைத்தட்டு ஆண்டின் சிறந்த தொகுப்பு என்று கிராமி விருதும் பெற்றது. விருது வந்து சேர்ந்த விரைவில் பணம் போய்ச் சேரவில்லை. தட்டின் உறையில் வெறுந்தட்டின் முன் அமர்ந்திருந்த அந்தக் குழந்தையோ காத்திருக்க இயலாத குழந்தை.

இதைக் கேட்டு முடித்தபோது எங்களுக்குள் ஒரு கனத்த அமைதி நிலவியது. நால்வருக்கும் ஒரே நினைவு வந்திருந்தது. முதலில் அதைச் சொல்ல எவருக்கும் துணிவில்லை.

கும்மிடிப்பூண்டியில் இலங்கைத் தமிழர் முகாம் ஒன்று உண்டு. 1990-இல் மீண்டும் போர் மூண்டபோது படகேறி மண்டபத்தில் கரையிறங்கிய மக்களின் குடும்பங்கள் அங்கே வாழ்கின்றன. அவர்களுள் பலர் நம் விசுவாசத்தைப் பகிர்ந்துகொள்பவர்கள். நம்மோடு ஒரே பலிபீடத்தைச் சூழ நிற்பவர்கள். 1990-களின் நடுப்பகுதியில் எங்கள் பங்கின் இளைஞர்களாகிய நாங்கள் அந்த முகாமின் பிள்ளைகளின் கல்விக்காக ஓர் 'இன்னிசை மாலை' நடத்தினோம். அந்த ஒலிநாடாதான் எங்களுக்குத் தூண்டுகோல் என்பதையும் மறைப்பதற்கில்லை. அரங்கம் நிறைந்தது. கித்தார் முழங்கியது. முகாமின் பிள்ளைகள் பின்வரிசையில் அமர்த்தப்பட்டிருந்தார்கள். பொன்னாடைகள் போர்த்தப்பட்டன, நன்றியுரை நீண்டது, எங்கள் பெயர்கள் வாசிக்கப்பட்டபோது கைதட்டல் நெடுநேரம் ஓயவில்லை. செலவு போக ஏழாயிரத்து நானூறு ரூபாய் மிஞ்சியது.

அந்தப் பணம் ஐந்து மாதங்கள் எங்கள் கணக்கிலேயே கிடந்தது. யாருக்குக் கொடுப்பது என்று ஒரு குழு அமைத்தோம். விண்ணப்பம் கேட்டோம். விண்ணப்பத்தோடு சான்றுகள் கேட்டோம். குழுவில் ஒருவருக்கு இரவு முறை வேலை, மற்றொருவருக்கு வீட்டில் திருமணம் என்று கூட்டங்கள் தள்ளிப்போயின. எவரும் அதில் ஒரு காசும் தொடவில்லை, கணக்கு மாசற்றது. அதுவே எங்களுக்குப் போதுமான பெருமையாய் இருந்தது.

முகாமிலிருந்து வந்து எங்கள் பாடகர் குழுவில் பாடிய ஓர் அக்கா இருந்தார். கணவரைப் போரில் இழந்தவர். அவருடைய மூத்த மகனுக்குத் தொழிற்பயிற்சி நிலையத்தில் இடம் கிடைத்திருந்தது. பணம் கட்ட இறுதி நாள் ஜூலையில். எங்கள் குழு முடிவெடுத்தது செப்டம்பரில். உறையில் பணத்தை வைத்துக்கொண்டு நாங்கள் நால்வரும் அவர் வீட்டு வாசலில் போய் நின்றோம். பத்தடிக்குப் பத்தடி அறை. அதற்குள் நான்கு பேர் வாழ்க்கை. அவர் எங்களுக்குத் தேநீர் கொடுத்தார். பிறகு அமைதியாகச் சொன்னார்: "இருக்கட்டும் தம்பி. அவன் பெயின்ட் அடிக்கிற வேலைக்குப் போகத் தொடங்கிட்டான். வேற பிள்ளையளுக்குக் குடுங்கோ."

அவர் குரலில் குற்றச்சாட்டு இல்லை. இருந்திருந்தால் ஒருவேளை நாங்கள் எதிர்வாதம் செய்து மனத்தை ஆற்றிக்கொண்டிருப்போம். சில ஆண்டுகள் கழித்து எங்கள் ஆலையின் உயரமான நீர்த்தொட்டிக்குப் பெயின்ட் அடிக்க வந்தவர்களுள் அந்த மகனும் இருந்தான். கயிற்றில் தொங்கியபடி கீழே பார்த்து, "அண்ணை" என்று அழைத்துக் கையசைத்தான். நாங்களும் கையசைத்தோம். அதற்குமேல் அவன் முகத்தைப் பார்க்க எங்களால் ஆகவில்லை.

அமெரிக்க வரித்துறையைக் குறைகூற வாயெடுத்த நாங்கள் அன்று மாலை வாய்மூடியது இதனால்தான். சுருதி சேர்த்ததற்கே கைதட்டிய அந்த நியூயார்க் மக்களைக் கண்டு சிரித்தோமே, நாங்கள் வேறென்ன செய்தோம்? பணம் திரட்டுவது சுருதி சேர்ப்பது போன்றது. அதுவின்றிக் கச்சேரி இல்லை என்பது உண்மை. ஆனால் அதுவே கச்சேரி அன்று. நாங்கள் சுருதி சேர்த்தோம், கைதட்டலைப் பெற்றுக்கொண்டோம், கருவியை உறையிலிட்டு வீடு திரும்பிவிட்டோம். இசைக்காகக் காத்திருந்தவர்கள் பின்வரிசையிலேயே அமர்ந்திருந்தார்கள்.

முகாம் மக்களின் காத்திருப்பு எங்கள் ஐந்து மாதத்தோடு முடிவதன்று. 1987 ஜூலை 1 முதல் இந்தியாவில் பிறந்த குழந்தை, பெற்றோரில் ஒருவரேனும் இந்தியக் குடிமக்களாய் இருந்தாலன்றிப் பிறப்பால் குடியுரிமை பெறாது. 2004-இல் அச்சட்டம் மேலும் இறுகியது. ஆகவே இந்த மண்ணில் பிறந்து, இங்கேயே புதுநன்மை வாங்கி, இங்கேயே படித்து, இங்கேயே மணமுடித்தவர்களும் சட்டத்தின் கண்ணில் அயலாராகவே நிற்கிறார்கள். 2019-இல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்த சிறுபான்மையினருக்கு வழி திறந்தது. இலங்கையின் பெயர் அதில் இல்லை. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு, முகாம்களை இனி 'மறுவாழ்வு முகாம்' என்றே அழைக்க வேண்டும் என்றும், பழுதடைந்த 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித்தருவதாகவும் அறிவித்தது. நல்ல அறிவிப்பு, நன்றிக்குரியது. பெயரும் கூரையும் மாறுகின்றன. 'அகதி' என்னும் சொல்லின் பொருள் 'கதியற்றவர்' என்பது. தாள் ஒன்றில் கதி எழுதப்படும் நாளே அச்சொல் உண்மையில் மாறும் நாள்.

திருக்குடும்பமும் இரவோடிரவாக எகிப்துக்கு ஓடியது என்று ஒவ்வொரு கிறிஸ்து பிறப்புக் காலத்திலும் மறையுரையில் கேட்கிறோம். செப்டம்பர் மாதத்தின் கடைசி ஞாயிறைத் திருச்சபை குடிபெயர்ந்தோருக்கும் அகதிகளுக்கும் உரிய நாளாக ஒதுக்கியிருக்கிறது. அன்று காணிக்கை எடுக்கிறோம். அன்பு வாசகர்களே, அந்தக் காணிக்கை தேவையற்றது என்று நாம் கூறவில்லை. மாடிசன் அரங்கின் இசையால் யாருக்கும் பயனில்லை என்பதும் உண்மையன்று. முதலில் சேர்ந்த பணம் உரிய நேரத்தில் சென்றது. உலகம் ஒரு நாட்டின் பெயரை அறிந்தது. ஹாரிசனும் ரவிசங்கரும் இன்று உயிரோடு இல்லை. ஆயினும் அந்தப் பதிவின் வருவாய் ஹாரிசன் பெயரில் அமைந்த யுனிசெப் நிதியின் வழியே இன்றும் குழந்தைகளுக்குச் செல்கிறது. நாம் கற்க வேண்டியது வேறொன்று. அந்நிகழ்ச்சி ஒரு குழுவின் தீர்மானத்தில் தொடங்கவில்லை. துயருற்ற நண்பர் ஒருவரின் முகத்தைப் பார்த்ததில் தொடங்கியது. நாங்கள் முகாமின் பெயரால் பணம் திரட்டினோம். முகாமில் எங்களுக்கு ஒரு நண்பர் இருந்ததில்லை. அந்த அக்கா ஒவ்வொரு ஞாயிறும் எங்கள் அருகில் நின்று பாடியும், மகனுக்கு எப்போது பணம் கட்ட வேண்டும் என்று நாங்கள் ஒருமுறையேனும் கேட்டதில்லை. இறுதி நாளில் நம்மிடம் கேட்கப்படுவது எவ்வளவு திரட்டினோம் என்பதன்று; அந்நியரை ஏற்றுக்கொண்டோமா என்பதே.

மறுவாரம் நாங்கள் நால்வரும் அந்த அக்காவைத் தேடிச் சென்றோம். முதுமை அவரை வளைத்திருந்தது, எங்களையும்தான். பழைய கதையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டோம். அவருக்கு அது நினைவிருந்ததா இல்லையா என்று முகத்திலிருந்து அறிய இயலவில்லை. "அதெல்லாம் எப்பவோ முடிஞ்ச கதை தம்பி" என்றார். பேச்சை மாற்ற எண்ணி, கைப்பேசியில் அந்தத் துன் இசையை ஒலிக்கவிட்டோம். அவர் கண்மூடிக் கேட்டார். நாங்கள் யார் வாசிப்பது, எதற்காக என்று எதுவும் சொல்லியிருக்கவில்லை. முடிந்ததும் அவர் சொன்னார்: "இதில சொல்லே இல்லை. ஆனா ஆரோ தங்கட வீட்டை நினைச்சு வாசிக்கினம் போலக் கிடக்கு."

பிறகு உள்ளே திரும்பிப் பேத்தியை அழைத்தார். அந்தப் பெண் கையில் ஒரு கல்லூரி விண்ணப்பத்தோடு வந்தாள். சில பகுதிகளை எப்படி நிரப்புவது என்று அவளுக்கு விளங்கவில்லை. சான்றுகளின் நகல்களில் ஓர் அலுவலரின் கையொப்பமும் வேண்டியிருந்தது. கடைசி நாள் எது என்று கேட்டோம். நான்கு நாட்களே இருந்தன.

அங்கேயே தரையில் அமர்ந்து விண்ணப்பத்தை நிரப்பத் தொடங்கினோம். மறுநாள் கையொப்பத்துக்கு எங்களுள் ஒருவர் அவளை அழைத்துச் சென்றார். மூன்றாம் நாள் விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. இப்போது மாதத்தின் முதல் ஞாயிறு திருப்பலிக்குப் பின் அந்த வீட்டுத் திண்ணையில் எங்கள் நால்வரையும் காணலாம். விண்ணப்பங்களும் மனுக்களும் வந்துகொண்டிருக்கின்றன. வேலை மெதுவாகவே நடக்கிறது. இதுவரை யாரும் கைதட்டவில்லை.